பாரமானி சொல்வது எவ்வளவு மெய்?

ஐப்பசி பிறந்துவிட்டால் வடசென்னையில் ஒரு செய்தி அடிக்கடி காதில் விழும். "துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள்" என்பதே அது. துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகவும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகவும் ஏறும் அடையாளங்களைத்தான் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்கிறோம். 1-ஆம் எண் கூண்டு, தொலைவில் உள்ள கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தோன்றியிருப்பதைக் கூறும். 8, 9, 10 ஆகிய எண்கள் பேரபாயத்தைக் குறிக்கும். 11-ஆம் எண்ணின் பொருள் சற்று வேறானது. எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

கூண்டு ஏறினால் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். டீசல் நிரப்பி, ஐஸ் ஏற்றிக் காத்திருந்தவர்களுக்கு அன்றைய தொழில் போயிற்று. ஏற வேண்டிய கூண்டு ஏறாமற் போனாலோ, போவது தொழில் மட்டுமன்று. ஆகவே இந்த எச்சரிக்கை பொய்யாகவும் இருத்தலாகாது, தவறவும் கூடாது.

செயற்கைக்கோள் படங்களும் ராடாரும் இன்று புயலைக் காட்டிக் கொடுக்கின்றன. ஆயினும் இந்தக் கணக்குகளின் அடியில் மிகப் பழைய அளவு ஒன்று இருக்கிறது. அதுதான் காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் அது ஏறத்தாழ 1,010 ஹெக்டோபாஸ்கல். முன்னாளில் மில்லிபார் என்று வழங்கிய அளவும் இதுவே. தாழ்வு மண்டலம் உருவாகும்போது அதன் நடுவில் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிட ஒரு சில ஹெக்டோபாஸ்கல்தான் குறைந்திருக்கும். அதாவது, ஆயிரத்தில் ஒரு சில பங்கு! அந்தச் சிறு குறைவை நம்பி ஒரு துறைமுகத்தையே நிறுத்த வேண்டுமானால், அளக்கும் கருவி எத்தகையதாக இருத்தல் வேண்டும்? அது மெய் சொல்கிறது என்று யார் உறுதி கூறுவது? இக்கேள்விகளுக்குச் சென்னைக் கடற்கரையின் வரலாறே விடை தருகிறது.

ஆய்வகத்தில் எழுந்த ஒரு கேள்வி

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் சுவரில் ஒரு ஃபார்ட்டின் பாரமானி தொங்குகிறது. ஒரு செப்டம்பர் மாதக் காலையில் முதலாண்டு மாணவர் ஒருவர் அதைப் படித்தார். வெர்னியரை நகர்த்தி, பாதரச மட்டத்தோடு பொருத்தி, 762.0 மில்லிமீட்டர் என்று எழுதினார். அதை மாற்றிக் கணக்கிட்டால் 1,015.9 ஹெக்டோபாஸ்கல் ஆகும். பிறகு தம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அதனுள் இருந்த சிறு உணரி 1,009 என்றது. இரண்டும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் எடுத்த அளவுகள். இடையில் ஏறத்தாழ 7 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு.

அந்த மாணவர் காசிமேட்டைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை விசைப்படகில் தொழிலுக்குச் செல்பவர். "ஏழு குறைந்தாலே கடலுக்குப் போகாதே என்கிறார்கள். இங்கே கருவிக்குக் கருவி ஏழு வித்தியாசம் வருகிறதே, சார், எதை நம்புவது?" என்று கேட்டார். பாடநூலில் விடை இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வியின் கனம் பாடநூலில் இல்லை. இதே கேள்வியை நம் கரையில் நின்றவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள்.

கொடிமரம் காட்டிய நாட்காட்டி

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்கும் மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். புயல் வந்தால் அப்படி நிற்கும் கப்பலுக்கு எந்த மறைவும் இல்லை. 1746-ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தளபதி லா போர்டோனே சென்னையைக் கைப்பற்றினார். சில வாரங்களுக்குள் அக்டோபர்ப் புயல் ஒன்று அவருடைய கப்பற்படையைச் சிதறடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலில் மாண்டனர்.

இத்தகைய இழப்புகளிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் அக்டோபர் 15 அளவில் கொடியை இறக்கிவிடுவார்கள். மீண்டும் டிசம்பர் 15 அளவில்தான் ஏற்றுவார்கள். இடைப்பட்ட இரண்டு மாதங்களில் இங்கே நங்கூரமிடுவது ஆபத்து என்பது அதன் குறிப்பு. இதைக் கருவியில்லாத எச்சரிக்கை எனலாம். நாட்காட்டி ஒன்றே அதன் அடிப்படை.

ஆனால் புயல் நாட்காட்டி பார்த்து வருவதில்லையே! 1811 மே 2-ஆம் நாள் வீசிய புயலில் டோவர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் சென்னை நங்கூரத் துறையில் அழிந்தது. 1872-ஆம் ஆண்டு, அதே மே 2-ஆம் நாள், மற்றொரு புயல் சென்னையைத் தாக்கிப் பல கப்பல்களைக் கரையில் மோதி உடைத்தது. இரண்டும் கொடிமரக் கணக்குக்கு வெளியே வந்தவை. 1876-இல் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் நிறைவை நெருங்கிய வேளையில், 1881 நவம்பர் 12-ஆம் நாள் புயல் ஒன்று வந்து அவற்றின் பெரும் பகுதியைத் தகர்த்தது. கல்லால் கட்டிய சுவரும் காப்பதற்குப் போதாது. முன்கூட்டி அறிதலும் வேண்டும்.

முன்கூட்டி அறியக் கப்பல் தலைவர்களிடம் இருந்த கருவி பாரமானி. அது இறங்கத் தொடங்கினால் நங்கூரச் சங்கிலியை அப்படியே விட்டுவிட்டு ஆழ்கடலுக்கு ஓடுவதே தப்பும் வழி. சோழமண்டலக் கரைப் புயல்களை ஆராய்ந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் கேப்பர், அவை பெரும் சுழற்காற்றுகளே என்று 1801-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். சுழலின் நடுவை நெருங்க நெருங்க அழுத்தம் குறையும். ஆகவே பாரமானியின் இறக்கம், புயல் நெருங்குவதன் அடையாளம்.

நுங்கம்பாக்கத்துப் பதிவேடு

1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அலுவலர் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகத்தை அமைத்தார். பின்னர் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுந்தது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண், இன்றும் மண்டல வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. விண்மீன்களைப் பார்ப்பதற்காக ஏற்பட்ட அந்த இடத்தில், ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளரின் காலத்தில், 1796 முதல் அழுத்தமும் வெப்பநிலையும் முறையாகப் பதிவு செய்யப்பட்டன. பின்வந்தவர்களும் அதைத் தொடர்ந்தனர். வானியல் பணி 1899-இல் கொடைக்கானலுக்குப் போன பின்னும் வானிலைப் பணி இங்கேயே நடந்தது.

இப்படி நெடுநாள் பதிவு செய்ததில் ஒரு முக்கியமான உண்மை தெளிவாயிற்று. நம் ஊரில் பாரமானி நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை 10 மணி அளவிலும் இரவு 10 மணி அளவிலும் உச்சம். மாலை 4 மணி அளவிலும் விடியற்காலை 4 மணி அளவிலும் தாழ்வு. காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்வுக்கும் இடையே ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு இருக்கும். கதிரவனின் வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதிலும் எழும் ஒருவகை அலையே இதற்குக் காரணம். வெயில் அடிக்கும் தெளிந்த நாளிலும் பாரமானி பிற்பகலில் இறங்கத்தான் செய்யும். இதை அறியாதவர் நாள்தோறும் புயல் வருவதாக எண்ணிவிடுவார்!

மாறாக, குளிர்நாட்டிலிருந்து வந்த பாரமானிகளின் முகப்பில் சில சொற்கள் எழுதப்பட்டிருந்தன. 30 அங்குலம் என்றால் 'தெளிவு', 29.5 என்றால் 'மாற்றம்', 29 என்றால் 'மழை' என்று அங்கே கண்டிருக்கும். 29 அங்குலம் என்பது 982 ஹெக்டோபாஸ்கல். சென்னையில் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கினால் புயல் ஊரின் மேலேயே நிற்கிறது என்று பொருள். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையைக் கடந்த வர்தா புயலின் மைய அழுத்தம் 975 ஹெக்டோபாஸ்கல் வரை குறைந்ததாக மதிப்பிட்டனர். இங்கிலாந்தின் முகப்புச் சொற்களை நம்பியிருந்தால், 'மழை' என்ற சொல்லை முள் தொடும் முன்பே கூரை பறந்திருக்கும். ஒரு கருவி எந்த இடத்துக்காக அளவு குறிக்கப்பட்டது என்பதையும் பார்த்தே அதை நம்ப வேண்டும்.

கணக்கால் தீரும் பிழைகள்

இனி, மாணவரின் கேள்விக்கு வருவோம். பாரமானி உண்மையில் அளப்பது பாதரசத் தம்பத்தின் உயரத்தை. நமக்கு வேண்டியதோ அழுத்தம். உயரத்தை அழுத்தமாக மாற்றும்போது சில திருத்தங்களைச் செய்ய வேண்டும்.

முதலாவது, வெப்பநிலை. பாதரசம் சூடானால் விரிந்து அடர்த்தி குறையும். அதே அழுத்தத்தைத் தாங்க இன்னும் உயரமான தம்பம் தேவைப்படும். அளவுகோலின் பித்தளையும் சற்று விரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் அளவு பத்தாயிரத்தில் 1.6 பங்கு கூடுதலாகத் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் அன்று 30 பாகை. ஆகவே 762 மில்லிமீட்டரில் 3.7 மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும்.

இரண்டாவது, புவியீர்ப்பு. பாதரசத்தின் எடை இடத்துக்கு இடம் மாறும். புவி துருவங்களில் சற்றுத் தட்டையானது; தன்னைத் தானே சுற்றியும் வருகிறது. ஆகவே நிலநடுக்கோட்டை நெருங்கும்போது ஈர்ப்பு முடுக்கம் குறைகிறது. தர மதிப்பு 9.80665 மீ/வி². 13 பாகை வடக்கே உள்ள சென்னையில் அது ஏறத்தாழ 9.783. எனவே இங்கே பாதரசத் தம்பம் கூடுதல் உயரத்தில் நிற்கும். இதற்காக 1.8 மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும்.

இரண்டையும் கழித்தால் 756.5 மில்லிமீட்டர் கிடைக்கும். அதாவது 1,008.6 ஹெக்டோபாஸ்கல். கைப்பேசி சொன்ன 1,009-உடன் இது அழகாகப் பொருந்துகிறது அல்லவா? மாணவர் கருவியைத் தவறாகப் படிக்கவில்லை. ஆனால் படித்ததோடு நின்றுவிட்டார்.

இதில் ஒரு பாடம் உண்டு. வெர்னியர் 0.05 மில்லிமீட்டர் வரை காட்டும். அதுவே அதன் மீச்சிற்றளவு. திருத்தம் செய்யாத பிழையோ 5.5 மில்லிமீட்டர், மீச்சிற்றளவைப் போல் நூறு மடங்குக்கும் மேல். நுணுக்கமாகக் காட்டுவது வேறு, உண்மையைக் காட்டுவது வேறு. தசமப் புள்ளிக்குப் பின் இலக்கங்கள் மிகுந்திருப்பதால் மட்டும் ஓர் அளவு மெய்யாகிவிடாது.

மூன்றாவது, உயரம். தரையிலிருந்து மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறையும். நம் வெப்பத்தில் ஏறத்தாழ 9 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் குறைவு. மூன்றாம் மாடியில் உள்ள பாரமானியையும் தரைத்தளத்தில் உள்ளதையும் அப்படியே ஒப்பிடுதல் கூடாது. எல்லா நிலையங்களின் அளவுகளையும் கடல் மட்டத்துக்கு மாற்றிய பிறகே வரைபடத்தில் குறிப்பர். எங்கள் ஆய்வகத்தில் இரு கருவிகளும் ஒரே மேசை உயரத்தில் இருந்ததால் இத்திருத்தம் தேவைப்படவில்லை.

ஒப்பிட்டால் மட்டுமே தீரும் பிழைகள்

மேற்கூறியவை யாவும் கணக்கிட்டுத் தீர்க்கக் கூடியவை. வேறு சில பிழைகள் கணக்குக்குள் அடங்குவதில்லை. குழாயின் உச்சியில் உள்ள வெற்றிடத்தில் சிறிது காற்றோ ஈரமோ நுழைந்திருக்கலாம். அளவுகோலின் சுழி சற்று நகர்ந்திருக்கலாம். குழாய் ஒடுங்கியதாக இருந்தால் பரப்பு இழுவிசை பாதரசத்தைக் கீழே தள்ளும். 6 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் இது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஆனால் கண்ணாடியின் தூய்மையைப் பொறுத்து அது மாறும். இவற்றைக் கருவியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்து அறிய முடியாது. நம்பத்தக்க மற்றொரு கருவியின் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பது ஒன்றே வழி. இதையே அளவுத்திருத்தம் என்கிறோம்.

சந்தையில் எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்து முத்திரை இருக்கிறதா என்று நாம் தேடுகிறோம். கல்லின் மேல் '1 கிலோ' என்று எழுதியிருப்பதை நம்புவதில்லை. அதை எவரோ ஒரு தரக் கல்லோடு ஒத்துப்பார்த்தார் என்பதற்கான முத்திரையையே நம்புகிறோம். பாரமானிக்கும் அப்படி ஒரு முத்திரை தேவை. லண்டனுக்கு அருகில் உள்ள கியூ ஆய்வகத்தில் 1850-களில், கப்பல்களுக்கான பாரமானிகளைத் தரப் பாரமானி ஒன்றோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்தத்தை எழுதிச் சான்று தரும் வழக்கம் தொடங்கியது.

இந்த ஒப்பீடு அதற்கு முன் ஏன் இவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை? இங்கேதான் வரலாற்றின் திருப்பம் இருக்கிறது. தனியே நிற்கும் ஒரு கப்பலின் தலைவருக்குத் தம் பாரமானி நேற்றைவிட இன்று எவ்வளவு இறங்கியது என்பது தெரிந்தால் போதும். அக்கருவி எப்போதுமே 3 ஹெக்டோபாஸ்கல் கூடுதலாகக் காட்டினாலும், நேற்றும் 3 கூடுதல், இன்றும் 3 கூடுதல். கழித்துப் பார்க்கும்போது பிழை மறைந்துவிடும். தனிக் கருவிக்கு மாறாத தன்மை இருந்தால் போதும்.

1850-களில் தந்தி வந்தது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கிய பின், 1865-இல் அத்துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றி, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் தலைவரானார். பல ஊர்களின் அழுத்த அளவுகள் ஒரே நாளில் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. இப்போது கேள்வியே மாறிவிட்டது. 'நேற்றைவிட இன்று எவ்வளவு?' என்பதோடு, 'நாகப்பட்டினத்தைவிடச் சென்னையில் எவ்வளவு?' என்றும் கேட்க வேண்டியதாயிற்று.

நாகப்பட்டினம், சென்னை, மசூலிப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களிலும் உண்மையான அழுத்தம் 1,009 என்று வைத்துக்கொள்வோம். சென்னைக் கருவி மட்டும் 3 குறைவாகக் காட்டினால், வரைபடத்தில் சென்னையின் மேல் இல்லாத ஒரு தாழ்வு தோன்றும். கருவி 3 கூடுதலாகக் காட்டினாலோ, உண்மையிலேயே அங்கே இருக்கும் தாழ்வு வரைபடத்திலிருந்து மறைந்துபோகும். முதலாவதால் படகுகள் வீணே கரையில் நிற்கும். இரண்டாவதால் போகக் கூடாத நாளில் கடலுக்குப் போகும். மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டிருந்த கருவிகளையும் முறைகளையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவருவது புதிய துறையின் தலையாய வேலைகளுள் ஒன்றாக அமைந்ததன் காரணம் இதுவே. பல கருவிகள் ஒரு குடும்பமாக இயங்க, அவை யாவும் ஒரே தரத்தோடு ஒத்துப்பார்க்கப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆலைகளின் அழுத்தமானி

கடலோரத்துப் பாரமானிக்குச் சொன்ன அனைத்தும் அதே கரையில் எழுந்த ஆலைகளுக்கும் பொருந்தும். 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி புறப்பட்டது. நீராவி எஞ்சினுக்குக் காற்றழுத்தத்தைப் போல் பல மடங்கு அழுத்தத்தை அளக்க வேண்டும். பாதரசத் தம்பத்தை வைத்து அதை அளப்பதானால் மாடி உயரக் குழாய் தேவைப்படும். பிரான்சு நாட்டு யூஜின் பூர்தோன் 1849-இல் உரிமம் பெற்ற கருவி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. தட்டையாக்கி வளைத்த உலோகக் குழாயினுள் அழுத்தம் ஏறினால் வளைவு சற்றே நிமிரும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். கொதிகலன்களின் முகப்பில் இன்றும் நாம் காண்பது இதைத்தான்.

ஆனால் உலோகம் களைப்படையும். ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த குழாய், அழுத்தம் இல்லாதபோதும் சுழிக்குத் திரும்ப மறுக்கலாம். அழுத்தம் ஏறும்போது ஓர் அளவும், இறங்கும்போது வேறோர் அளவும் காட்டலாம். காந்தவியலில் படிக்கும் தயக்கம் போன்றதே இதுவும். கொதிகலன் முகப்பில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. முள் அதைத் தொடவில்லை என்று நம்பி நிற்பவர் உயிரோடு நிற்கும் மனிதர். 1970-இல் முதல் அலகைத் தொடங்கி 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல் மின்நிலையமாயினும், திருவொற்றியூரில் ஒரு சிறு பட்டறையின் காற்றழுத்தப் பொறியாயினும், இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் ஒத்துப்பார்த்த சான்று ஒன்றே.

இவற்றை ஒத்துப்பார்க்கப் பட்டறைகளில் 'டெட் வெயிட் டெஸ்டர்' என்று வழங்கும் கருவி பயன்படுகிறது. பரப்பு தெரிந்த ஓர் உந்துதண்டின் மேல் எடைக்கற்களை வைத்தால், அதன் அடியில் உள்ள எண்ணெயில் எடையைப் பரப்பால் வகுத்த அளவுக்கு அழுத்தம் எழும். உந்துதண்டையும் சேர்த்து 5 கிலோகிராம். பரப்பு 1 சதுர சென்டிமீட்டர். ஈர்ப்பின் தர மதிப்பைக் கொண்டு கணக்கிட்டால் 4.903 பார். சென்னையின் ஈர்ப்பைக் கொண்டு கணக்கிட்டால் 4.892 பார். வேறுபாடு 0.24 சதவீதம். 0.1 சதவீதத் துல்லியம் உடையது என்று விலை கொடுத்து வாங்கிய அழுத்தமானியை, ஊரின் ஈர்ப்பை மறந்துவிட்டுச் சோதித்தால், நல்ல கருவியைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுவோம்! ஒப்பிடும் தரக்கருவி, சோதிக்கப்படும் கருவியைவிட நான்கு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள ஒரு விதி.

துல்லியத்தைப் படிக்கும் முறை

கருவியோடு வரும் விவரத்தாளைப் படிக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். 0 முதல் 16 பார் வரை அளக்கும் பூர்தோன் அழுத்தமானியின் முகப்பில் 'வகுப்பு 1.0' என்று இருந்தால், பிழை முழு அளவில் 1 சதவீதத்துக்குள் இருக்கும் என்பது பொருள். அதாவது 0.16 பார். முள் 12 பார் காட்டும்போது இது 1.3 சதவீதம்தான். ஆனால் 2 பார் காட்டும்போது அதே 0.16 பார், 8 சதவீதம் ஆகிவிடுகிறது. '1 சதவீதம்' என்ற சொல்லைக் கண்டவுடன், 'எதில் 1 சதவீதம்?' என்று கேட்க வேண்டும். சிறு அழுத்தத்தை அளக்கப் பெரிய கருவியை வாங்கக் கூடாது என்பதன் காரணமும் இதுவே.

கைப்பேசியில் உள்ள உணரி, அழுத்தத்தால் சிலிக்கான் சவ்வு வளையும்போது ஏற்படும் மின்தடை மாற்றத்தைக் கொண்டு அளக்கிறது. இத்தகைய உணரி ஒன்றின் விவரத்தாளில் மூன்று வகை எண்களைக் காணலாம். உண்மை மதிப்போடு ஒப்பிட்டால் பிழை ±1 ஹெக்டோபாஸ்கல். அருகருகே உள்ள இரு அளவுகளின் வேறுபாட்டில் பிழை ±0.12 மட்டுமே. ஓராண்டில் தானாக நகரக்கூடிய அளவு ±1. மாறுதலைக் காட்டுவதில் இது கெட்டிக்காரக் கருவி. ஆனால் ஆண்டுதோறும் ஒத்துப்பாராவிட்டால் வானிலை வரைபடத்தில் இடம்பெறத் தகுதியற்றது. வானிலை நிலையங்களின் அழுத்த அளவு 0.1 ஹெக்டோபாஸ்கல் வரை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் எதிர்பார்ப்பு.

மாணவர்கள் இதைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். அழுத்த உணரி உள்ள கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்துக் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒரு வாரம் படித்து எழுதுங்கள். அன்றாட ஏற்ற இறக்கம் தெரியும். பிறகு பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் அடியிலும் உச்சியிலும் படியுங்கள். 30 மீட்டருக்கு ஏறத்தாழ 3.4 ஹெக்டோபாஸ்கல் குறைய வேண்டும். இறுதியாக, நண்பர்கள் ஐவரின் கைப்பேசிகளை ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். ஐந்தும் வேறு வேறு எண்களைச் சொல்லலாம். ஆனால் எல்லாவற்றையும் மாடிக்கு எடுத்துச் சென்றால், ஏறக்குறைய ஒரே அளவு குறையும். கப்பல் தலைவரின் பாரமானிக்கும் பிளான்ஃபோர்டின் வரைபடத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு இப்போது உங்கள் மேசையிலேயே விளங்கும்.

இருநூறு ஆண்டுக் கணக்கு

பாதரசம் நச்சுத்தன்மை உடையது. ஆதலால் 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையின்படி பாதரசப் பாரமானிகள் உலகெங்கும் கைவிடப்பட்டு வருகின்றன. அவற்றின் இடத்தில் மின்னணு உணரிகள் வந்துள்ளன. கருவி மாறலாம், ஒத்துப்பார்க்கும் கடமை மாறாது. பழைய கருவியையும் புதிய கருவியையும் சில காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால்தான், பழைய பதிவும் புதிய பதிவும் ஒரே வரலாறாக இணையும்.

அந்த இணைப்பின் பயனை நுங்கம்பாக்கத்துப் பதிவேடே காட்டியது. 2002-ஆம் ஆண்டு ராப் ஆலன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையில் எழுதப்பட்ட அளவுகளைத் திரட்டி, சென்னையின் கடல்மட்ட அழுத்த வரலாற்றை மீட்டமைத்து வெளியிட்டனர். பருவமழையையும் வறட்சியையும் ஆளும் பெருங்கடல் மாற்றங்களை ஆராய்வோருக்கு அத்தகைய நீண்ட பதிவு கிடைத்தற்கரியது. எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தால் அது பயன்பட்டிராது. கருவி எது, அன்று அதன் வெப்பநிலை என்ன, எந்த உயரத்தில் இருந்தது, எந்தத் திருத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்புகளே எண்ணுக்கு உயிர் கொடுக்கின்றன.

காசிமேட்டு மாணவர் கேட்ட கேள்விக்கு நான் இறுதியில் கூறிய விடை இதுதான். எந்தக் கருவியையும் அது காட்டும் எண்ணுக்காக நம்பாதே. கடைசியாக அதை எப்போது, எதனோடு ஒத்துப்பார்த்தார்கள் என்று கேள். அதற்கு விடை இல்லாத கருவியின் நிலை, 11-ஆம் எண் கூண்டு ஏறிய துறைமுகத்தின் நிலையே. கடல் அமைதியாகவும் இருக்கலாம், புயல் வாசலிலும் நிற்கலாம். நமக்குத் தெரிவதெல்லாம், மெய்யோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்பது மட்டுமே.